லேலண்ட் எங்கே செத்தது?

டாப் கியர் பார்த்தவர்களிடம் பிடித்த எபிசோட் எது என்று கேட்டால் வட துருவம் என்பார்கள், போட்ஸ்வானா, வியட்நாம், பொலிவியா என்பார்கள். பெரம்பலூரில் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரியின் விடுதியில், 2008 வாக்கில், நாங்கள் ஓயாமல் பேசியது வேறொரு எபிசோடை. 2007 இறுதியில் வந்தது, பத்தாவது சீசன். பிரிட்டிஷ் லேலண்ட் என்ற செத்துப்போன கம்பெனி தன் வாழ்நாளில் ஒரு நல்ல காராவது செய்ததா என்று பார்க்க மூன்று பேரும் ஆளுக்கு ஆயிரத்து இருநூறு பவுண்டை எடுத்துக்கொண்டு பழைய கார் வாங்கக் கிளம்புவார்கள். ஜெரமி கிளார்க்சன் ரோவர் எஸ்டி1 வாங்குவார். ரிச்சர்ட் ஹாமண்ட் ட்ரயம்ஃப் டோலமைட் ஸ்பிரின்ட். ஜேம்ஸ் மே ஆஸ்டின் பிரின்செஸ். மேடுபள்ளமான சோதனைச் சாலையில் ஓட்டும்போது ரோவரின் கதவு கழன்று விழும். கடைசியில் கார்களுக்குள் கழுத்தளவு தண்ணீரை நிரப்பி, இடுக்கு வழியாக எல்லாம் ஒழுகுவதற்குள் எவ்வளவு தூரம் ஓட்ட முடிகிறது என்று போட்டி வைப்பார்கள். மூன்று ஆண்கள் ஓடும் தொட்டிக்குள் உட்கார்ந்திருப்பதைப் போல இருக்கும்.

சிரித்து முடித்த பிறகு வந்த விவாதம்தான் முக்கியம். லேலண்ட் செத்துவிட்டது என்கிறார்களே, அப்படியென்றால் விடுதி ஜன்னலுக்கு வெளியே திருச்சி - சென்னை சாலையில் ராத்திரி முழுக்க உறுமிக்கொண்டு போவது என்ன? முகப்பில் அதே பெயர்தானே எழுதியிருக்கிறது?

கேள்வி சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம். அசோக் லேலண்ட் வேறு, பிரிட்டிஷ் லேலண்ட் வேறு என்று விக்கிப்பீடியாவைப் பார்த்து ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்த ஒரு வரிக்குள் தமிழ்நாட்டின் மோட்டார் வரலாற்றில் பாதி இருக்கிறது. டாப் கியர் அதைச் சொல்லவில்லை. அந்த நிகழ்ச்சியின் பார்வை பிரிட்டனின் கடற்கரையோடு நின்றுவிடும். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அது அவர்கள் வீட்டுச் சாவு, அவர்கள் பாணியில் ஒப்பாரி வைக்கிறார்கள். நமக்குத் தெரிந்த மிச்சத்தை நாம்தான் எழுத வேண்டும்.

முதலில் அந்த நிகழ்ச்சியைப் பற்றிக் கொஞ்சம். 1977இல் பர்மிங்ஹாமில் பிபிசியின் வட்டார நிகழ்ச்சியாகத் தொடங்கியது டாப் கியர். பெட்ரோல் எவ்வளவு குடிக்கிறது, டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம் என்று ஒழுங்காகச் சொல்லும் நிகழ்ச்சி. 2001இல் நிறுத்தினார்கள். 2002இல் கிளார்க்சனும் தயாரிப்பாளர் ஆண்டி வில்மனும் சேர்ந்து அதை வேறொன்றாக மாற்றிக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் உலகப்போரின்போது கனடா ராணுவத்தார் கட்டிய டன்ஸ்ஃபோல்ட் விமான தளம் ஓட்டப்பாதை ஆனது. முகம் காட்டாத ஸ்டிக் வந்தார். கார் விமர்சனம் மூன்று நண்பர்களின் சண்டையாக மாறியது. 2013இல் உலகிலேயே அதிக நாடுகளில் பார்க்கப்பட்ட தகவல் நிகழ்ச்சி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. கணக்கு 212 நாடுகள், பிரதேசங்கள்.

அதில் ஒரு துளி நாங்கள். டிவியில் பார்த்ததைவிட ஹார்டு டிஸ்கில் பார்த்ததே அதிகம். திருச்சியிலிருந்து வரும் ஒரு சீனியர் வாரக் கடைசியில் பென் டிரைவில் கொண்டுவருவார், திங்கட்கிழமை அது தளம் முழுக்கப் பரவிவிடும். எங்களில் யார் வீட்டிலும் கார் கிடையாது. ஒருவன் வீட்டில் டிராக்டர் இருந்தது, செட்டிகுளம் பக்கம் வெங்காயம் போடுகிற குடும்பம். ஆனாலும் வேகன் ஆரை விமர்சிக்கும்போதுகூட கிளார்க்சன் போல ஒரு இடைவெளி விட்டு "...இந்த உலகத்திலேயே" என்று முடிப்போம். நட்சத்திர விருந்தினர்கள் ஓட்டும் 'நியாய விலை கார்' ஷெவர்லே லசெட்டி என்று வந்தபோது, அதே காரை இங்கே ஆப்ட்ரா என்ற பெயரில் பணக்காரக் காராக விற்கிறார்களே என்று ஒருவன் கண்டுபிடித்தான். அங்கே கேலிப்பொருள், இங்கே துணிக்கடை முதலாளி வண்டி. அன்றிலிருந்து டாப் கியரைப் பார்ப்பது எங்களுக்கு இரட்டைப் பார்வையாகிவிட்டது. அங்கே என்ன, இங்கே என்ன.

லேலண்ட் என்பது முதலில் ஒரு ஊர். இங்கிலாந்தில் லங்காஷயர் மாவட்டத்தில் இருக்கிறது. 1896இல் அங்கே நீராவி வேன் செய்யத் தொடங்கிய கம்பெனி பிறகு ஊர்ப்பெயரையே எடுத்துக்கொண்டது. லாரி, பஸ் என்றால் பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்க லேலண்ட் என்ற நிலை வந்தது. 1968இல் ஆஸ்டின், மோரிஸ், ஜாகுவார் எல்லாம் இருந்த கூட்டத்தோடு லேலண்டை இணைத்து பிரிட்டிஷ் லேலண்ட் என்ற ராட்சதக் கம்பெனி உருவானது. லாபத்தில் இருந்த லாரிக்காரன் தலையில் நஷ்டத்தில் இருந்த கார்க்காரர்களைக் கட்டிய கல்யாணம் அது. ஒரே சந்தையில் ஒன்றோடொன்று போட்டி போடும் மாடல்கள், ஓயாத வேலைநிறுத்தம், பொருந்தாத கதவுகள். 1975இல் அரசாங்கம் எடுத்துக்கொண்டது. 1986இல் ரோவர் குரூப் என்று பெயர் மாற்றினார்கள். கைமாறிக் கைமாறி, கடைசியாக மிஞ்சிய எம்ஜி ரோவர் 2005 ஏப்ரலில் திவாலானது. டாப் கியர் எபிசோட் வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. சாம்பல் முழுசாக ஆறியிருக்காது.

இப்போது சென்னைப் பக்கம். 1948 இரண்டு கம்பெனிகளுக்குப் பிறந்த வருடம். ரகுநந்தன் சரண் என்பவர் தன் மகன் அசோக்கின் பெயரில் அசோக் மோட்டார்ஸ் தொடங்கினார். எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி விற்பது தொழில். அதே வருடம் ஸ்டாண்டர்ட் மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா தொடங்கியது. அவர்கள் தொழிற்சாலை வண்டலூர் பக்கம், பெருங்களத்தூரில். ஒன்று நகரத்துக்கு வடக்கே, ஒன்று தெற்கே. இரண்டுக்கும் தாய் வீடு இங்கிலாந்து. இரண்டுக்கும் அரசாங்க லைசென்ஸ்தான் கூண்டும் கூரையும்.

எண்ணூர்க்காரர்கள் சீக்கிரமே காரை விட்டார்கள். லேலண்டோடு ஒப்பந்தம் போட்டு காமெட் லாரிக்கு மாறினார்கள். 1955இல் கம்பெனியின் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. தெற்கே பெருங்களத்தூரில் காரையே பிடித்துக்கொண்டார்கள். வான்கார்ட், ஸ்டாண்டர்ட் டென், 1961இலிருந்து ஹெரால்டு. ஸ்டாண்டர்ட் ஹெரால்டு பற்றி வயசானவர்களிடம் கேட்டுப் பாருங்கள், முகம் மாறும். முன்பக்க பானெட் மொத்தமாக முதலை வாய் மாதிரி திறக்கும். இங்கிலாந்தில் அதை இரண்டு கதவோடு செய்தார்கள், இந்தியக் குடும்பத்துக்காக நான்கு கதவாக மாற்றியது பெருங்களத்தூர்.

கிளார்க்சன் ஓட்டி, கதவு கழன்று விழுந்த அந்த ரோவர் எஸ்டி1 இருக்கிறதே, அது சென்னையிலும் உற்பத்தி ஆனது. 1985இல், ஸ்டாண்டர்ட் 2000 என்ற பெயரில். உடம்பு எஸ்டி1, ஃபெராரி டேட்டோனாவைப் பார்த்து வரைந்த மூக்கு. உள்ளே இருந்த எஞ்சின் மட்டும் 1940களின் வான்கார்டிலிருந்து வந்த நான்கு சிலிண்டர். அதே எஞ்சின் குடும்பம்தான் இங்கிலாந்தில் ஃபெர்குசன் டிராக்டரையும் இழுத்தது. அங்கே எஸ்டி1இன் உயர்ந்த மாடலுக்கு வி8 எஞ்சின், போலீஸ் துரத்தல் வண்டி. இங்கே அதே உடம்புக்கு டிராக்டரின் இதயம். மேட்டுச் சாலைக்காகக் காரைக் கொஞ்சம் தூக்கியும் வைத்தார்கள், பட்டுவேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டியது போல. மாருதி 800 வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெட்ரோல் குடிக்காத, ஸ்டார்ட் ஆகிற, விலை குறைந்த கார் என்றால் என்ன என்று ஜனங்கள் பார்த்துவிட்டார்கள். 1988இல் ஸ்டாண்டர்ட் 2000 நின்றது, கம்பெனியும் அதோடு நின்றது. அந்த நிலத்தில் இன்று ஐ.டி. வளாகம் இருக்கிறது. எங்கள் விடுதி ஆட்களில் ஒருவன் அங்கேதான் வேலை பார்க்கிறான். அவனிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, "அதான் லிஃப்ட் அடிக்கடி நிக்குதா?" என்று கேட்டான். டாப் கியர் ரசிகன் என்றால் அப்படித்தான் பேச வேண்டும்.

ஆக லேலண்ட் செத்த கதையின் சென்னைப் பதிப்பு பெருங்களத்தூரில் நடந்துவிட்டது. பிறகு எண்ணூர் மட்டும் எப்படிப் பிழைத்தது?

பொதுவாகச் சொல்லப்படும் பதில், லைசென்ஸ் ராஜ் காப்பாற்றியது என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. அதே லைசென்ஸ் ராஜ்தான் ஸ்டாண்டர்டையும் காப்பாற்றிக்கொண்டிருந்தது, கதவைத் திறந்ததும் அது விழுந்துவிட்டது. அம்பாசடரும் அப்படித்தான். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் அச்சை வாங்கிவந்து உத்தரபாராவில் ஐம்பது வருடத்துக்கு மேல் செய்தார்கள். 2013இல் டாப் கியர்க்காரர்களே உலகின் சிறந்த டாக்ஸி என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். மறுவருடம் மே மாதம் உற்பத்தி நின்றது. ரசிகர்களின் பாராட்டு ஒரு வண்டியைக் காப்பாற்றுவதில்லை.

என் எண்ணத்தில் பதில் பெரம்பலூர் சாலையில் நின்று பார்த்தாலே கிடைக்கும். எங்கள் விடுதிக்கு வெளியே அடிக்கடி ஒரு விநோத ஊர்வலம் போகும். உடம்பே இல்லாத வண்டிகள். எஞ்சின், நீளமான இரும்புச் சட்டம், சக்கரங்கள், அவ்வளவுதான். அதன் மேல் ஒரு தற்காலிக இருக்கையில் முண்டாசு கட்டிக்கொண்டு, சில பேர் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு, காற்றை நேராக முகத்தில் வாங்கியபடி ஓட்டிப்போவார்கள். புது சேசிஸ். எண்ணூரிலிருந்து கரூருக்கும் நாமக்கல்லுக்கும் போகிறது. கரூரில் பஸ் கூடு கட்டுவார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் லாரி பாடி, ஆழ்துளைக் கிணறு போடும் ரிக். அதாவது லேலண்ட் விற்றது பாதி வண்டி. மீதிப் பாதியைச் செய்தவர்கள் தமிழ்நாட்டுத் தச்சர்கள், வெல்டர்கள், பெயின்டர்கள். வாங்கியவனுக்கு அதில் கையும் அறிவும் போய்ச் சேர்ந்தது. பிரேக் எங்கே பிடிக்கும், ஸ்பிரிங் எந்தப் பட்டை முதலில் உடையும் என்று ஆத்தூரிலும் துறையூரிலும் பட்டறைக்காரருக்குத் தெரியும். எஸ்டி1இன் கதவு ஏன் விழுகிறது என்று தெரிந்த ஆள் பெருங்களத்தூருக்கு வெளியே எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

இரண்டாவது, வாங்குகிறவன் யார் என்பது. கார் வாங்குகிறவன் மனசு மாறுவான், பக்கத்து வீட்டு மாருதியைப் பார்ப்பான். லாரி வாங்குகிறவன் வட்டி கட்டுகிறவன், நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதுகிறவன். டீசல் எவ்வளவு, டயர் எத்தனை கிலோமீட்டர், பழுதானால் எத்தனை மணி நேரத்தில் திரும்ப ஓடும். அதோடு 1972இலிருந்து பஸ் போக்குவரத்தை அரசே எடுத்து நடத்தத் தொடங்கியதும் சோழன், சேரன், பாண்டியன் என்று கழகங்கள் வந்தன. அவற்றின் பணிமனைகள் பெரும்பாலும் லேலண்டால் நிரம்பின. நாம் பள்ளிக்கூடம் போன பஸ், பாட்டி சாவுக்குப் போன பஸ், கவுன்சிலிங்குக்குச் சென்னை போன பஸ், எல்லாம் அது.

எங்கள் தொழிலில் ஃபோர்க் என்று ஒன்று உண்டு. ஒருவர் எழுதிய மென்பொருளின் மூலநிரலை அப்படியே எடுத்துக்கொண்டு இன்னொரு கூட்டம் தன் வழியில் வளர்க்கும். சில நேரம் மூலம் செத்துவிடும், கிளைதான் நிற்கும். அசோக் லேலண்ட் அப்படி ஒரு கிளை. 1987இல் ரோவர் குரூப் கைகழுவிய பங்குகளை இந்துஜா குழுமமும் இத்தாலிய இவெக்கோவும் சேர்ந்து வாங்கின. எஞ்சினுக்கு ஜப்பானின் ஹினோ, கேபினுக்கு இவெக்கோ என்று ஒவ்வொரு பாகமாக மாறியது. இன்று ஓடும் வண்டிக்குள் லங்காஷயர் எவ்வளவு மிச்சம் என்று தேடினால் பெயரைத் தவிரப் பெரிதாக எதுவும் அகப்படாது. இதே கதை திருவொற்றியூரில் ராயல் என்ஃபீல்டுக்கும் நடந்தது, ஆனால் அதற்கு ரசிகர்கள் ஏற்கனவே நிறையப் பேசிவிட்டார்கள்.

2011 டிசம்பர் 28. டாப் கியரின் இந்தியா ஸ்பெஷல் வந்த நாள். எங்களில் பாதிப் பேர் அப்போது சென்னையில், பெங்களூரில் வேலையில் சேர்ந்திருந்தோம். ஆனால் விடுதி விவாதம் போனில் தொடர்ந்தது. இந்தியாவோடு பிரிட்டனின் வியாபாரத்தை வளர்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மூவரும் மும்பையில் இறங்கி இமயமலை வரை போவார்கள். கிளார்க்சன் ஜாகுவார் எக்ஸ்ஜேஎஸ், அதன் பின்பக்கம் ஒரு கழிப்பறை இருக்கை. மே ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ. ஹாமண்ட் மினி. ரயில் பெட்டிகளில் பேனர் ஒட்டி, பெட்டி பிரியும்போது வாசகம் கிழிந்து ஆபாசமாகும் நகைச்சுவை. லண்டனில் இருக்கும் இந்தியத் தூதரகம் பிபிசிக்குப் புகார்க் கடிதம் எழுதியது.

நண்பர்களுக்குள் இரண்டு கட்சி. ஒரு கட்சிக்கு அவமானம், கழிப்பறை ஜோக்கை எங்கள் வீட்டுக்கு வந்தா சொல்வது. இன்னொரு கட்சி, இவர்கள் அமெரிக்காவையும் இப்படித்தான் கேலி செய்தார்கள், அப்போது சிரித்தோமே என்றது. எனக்கு இரண்டுமே சலிப்பாக இருந்தது. அந்த எபிசோடில் சொல்லாமல் விட்ட பெரிய நகைச்சுவை வேறு. பிரிட்டனின் பெருமையாக அவர்கள் இறக்கிய மூன்று கார்களின் பிராண்டும் அன்று பிரிட்டிஷ்காரர் கையில் இல்லை. ஜாகுவார் 2008இலிருந்து டாடாவுடையது. ரோல்ஸ் ராய்ஸ் காரும் மினியும் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூவுடையது.

லேலண்ட் கதை இன்னும் ஒரு சுற்று வருகிறது. பிரிட்டிஷ் லேலண்ட் தன் கடைசிக் காலத்தில் லீட்ஸ் நகரில் இருந்த சார்லஸ் ரோ என்ற பஸ் கூடு கட்டும் தொழிற்சாலையை மூடியது. வேலை போனவர்களில் சிலர் சேர்ந்து 1985இல் அங்கேயே ஆப்டேர் என்று ஒரு பஸ் கம்பெனி ஆரம்பித்தார்கள். அந்த ஆப்டேரில் 2010இல் பங்கு வாங்கிய கம்பெனி அசோக் லேலண்ட். 2012 தொடக்கத்தில் அந்தப் பங்கு 75 சதவீதத்தை எட்டியது. கிளார்க்சன் இந்தியாவுக்குப் பிரிட்டனை விற்கும் கதை ஒளிபரப்பாகி ஒரு மாதம்கூட ஆகாத நேரம். செத்தவன் வீட்டுப் பேரப்பிள்ளையை, தத்துப்போன பிள்ளை எடுத்து வளர்த்த மாதிரி. இதை எங்கள் குழுவில் சொன்னபோது அரை நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒருவன், "டேய், பாலாஜி சக்திவேல் படம் மாதிரி இருக்குடா" என்றான். ஏன் அப்படிச் சொன்னான் என்று இன்றுவரை விளங்கவில்லை.

இதையெல்லாம் பேசிவிட்டு, கிழக்கே திரும்பி அரியலூர் சாலையில் போனால் பேச்சு மாறிவிடும்.

டாப் கியர் அந்த எபிசோடை ஒளிபரப்பிய அதே வருடம், நவம்பர் 23 அன்று, அரியலூர் இரண்டாவது முறையாகத் தனி மாவட்டமானது. 2001இல் பெரம்பலூரிலிருந்து பிரித்து, 2002இல் திரும்ப ஒட்டி, 2007இல் மறுபடி பிரித்தார்கள். நவம்பர் 23 அரியலூருக்கு வேறொரு வகையிலும் தெரிந்த தேதி. 1956இல் அதே நாளில் மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளம் வந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. செத்தவர்கள் நூற்றைம்பது பேர் வரை. ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இன்றைக்கும் பொறுப்பேற்பு என்றால் உதாரணம் சொல்லப்படுவது அந்த ராஜினாமாதான்.

அரியலூர் மண்ணுக்கடியில் இருப்பது கடல். கோடிக்கணக்கான வருடங்களுக்கு முன் கிரெட்டேசியஸ் காலத்தில் இங்கே அலையடித்தது. சிப்பி, நத்தை, அம்மோனைட் எல்லாம் படிந்து சுண்ணாம்புக்கல்லானது. பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் கிடக்கிறது, காரை பக்கம் மழை அறுத்த செம்மண் பள்ளங்களில் சிப்பி பொறுக்கலாம். புவியியல் மாணவர்கள் உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். அதே கல் சிமென்ட்டுக்கும் வேண்டும். அரசு சிமென்ட் ஆலை 1979இல் வந்தது. பிறகு ரெட்டிபாளையம், கோவிந்தபுரம், ஆலத்தியூர், தளவாய், கீழப்பழுவூர் என்று தனியார் ஆலைகள். சுரங்கத்திலிருந்து ஆலைக்குக் கல், ஆலையிலிருந்து ஊருக்கு சிமென்ட், துறைமுகத்திலிருந்து நிலக்கரி. எல்லாம் லாரி. சாலையோரப் புளியமரத்தில் இலை வெள்ளையாக இருக்கும், மழை பெய்தால் ஒரு நாளைக்குப் பச்சையாகும்.

இந்த லாரி ஓட்டுநர்களில் பலருக்குச் சம்பளம் நடைக்கணக்கு. ஒரு நாளைக்கு எத்தனை நடை அடிக்கிறாரோ அதற்கேற்ப பேட்டா. சுரங்கத்தில் வரிசையில் நின்று, ஆலையில் எடைமேடையில் நின்று, இழந்த நேரத்தைப் பிடிக்க வேண்டிய இடம் நடுவில் இருக்கும் சாலை மட்டும்தான். அந்தச் சாலையில்தான் சைக்கிளில் பிள்ளைகள் பள்ளிக்குப் போகிறார்கள், நூறு நாள் வேலைக்குப் பெண்கள் நடக்கிறார்கள், ஆடு மேய்கிறது. சாவு விழும். மறியல் நடக்கும். தாசில்தார் வருவார், டிஎஸ்பி வருவார், பேசுவார்கள், கலைவார்கள். சுரங்க லாரிகளுக்குத் தனிச் சாலை வேண்டும் என்ற கோரிக்கையை ஒவ்வொரு மறியலிலும் கேட்கலாம். ரயில் கவிழ்ந்ததற்கு ஒரு மத்திய அமைச்சர் போனார். லாரி ஏறியதற்கு யாரும் போன ஞாபகம் எனக்கில்லை. ஒரே நாளில் நூற்றைம்பது பேர் செத்தால் வரலாறு. நூற்றைம்பது தனித்தனி நாட்களில் செத்தால் உள்ளூர்ப் பக்கச் செய்தி.

2006 செப்டம்பரில் ஹாமண்ட் மணிக்கு 460 கிலோமீட்டருக்கு மேல் ஜெட் காரில் போய் டயர் வெடித்து உருண்டார். மூளையில் அடி, பிழைத்து வந்தார், அடுத்த சீசனில் அந்தக் காட்சியையே போட்டுச் சிரித்தார்கள். 2022 டிசம்பரில் டன்ஸ்ஃபோல்டில் படப்பிடிப்பில் ஃப்ளின்டாஃப் ஓட்டிய மூன்று சக்கர வண்டி கவிழ்ந்து முகம் கிழிந்தது. கிரிக்கெட் பார்த்த நமக்கு அவர் வேறு விதத்தில் தெரிந்தவர். அதன் பிறகு 2023 நவம்பரில் பிபிசி நிகழ்ச்சியைக் காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தது. ஒருவருக்கு அடிபட்டதும் நிறுத்தியது சரிதான், அப்படித்தான் செய்ய வேண்டும். அதே 2022இல் இந்தியச் சாலைகளில் செத்தவர்கள் 1,68,000-க்கு மேல். தமிழ்நாட்டில் 17,884 பேர். எங்கள் குழுவில் ஃப்ளின்டாஃப் விபத்து பற்றி இரண்டு வாரம் பேச்சு ஓடியது. அந்தப் பேச்சுக்கு நடுவில், செந்துறைப் பக்கத்து நண்பன் ஒருவன் எதுவும் எழுதாமல் தன் ஊர்ச் சாலையில் மறியலில் உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்றைப் போட்டான். பலர் அதற்குக் கும்பிடு போடும் பொம்மை அனுப்பினார்கள். பேச்சு ஃப்ளின்டாஃபுக்கே திரும்பியது.

மோட்டார் ரசனை தப்பு என்று சொல்ல வரவில்லை. டீக்கடையில் லாரி ஓட்டுநர்கள் பேசுவதைக் கேட்டிருந்தால் தெரியும், அவர்களைவிடப் பெரிய ரசிகர்கள் கிடையாது. டாடாவா லேலண்டா என்ற சண்டை எங்கள் ஃபெராரியா போர்ஷேவா சண்டையைவிடப் பழசு, விவரமும் அதிகம். டாடா 1954இலிருந்து பதினைந்து வருடம் மெர்சிடிஸ் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்தது, அதனால் பழைய ஆட்கள் அதை இன்னும் 'பென்சு வண்டி' என்பார்கள். மேட்டில் லேலண்ட் இழுக்கும், பென்சு திணறும் என்பார் ஒருவர். கிளட்ச் மாத்தினியா முதல்ல என்பார் இன்னொருவர். நகைச்சுவை, மிகைப்படுத்தல், பழைய பகை, எல்லாம் உண்டு. வித்தியாசம் ஒன்றுதான். இவர்கள் பேசும் வண்டியை இவர்களே ஓட்டுகிறார்கள். எடை கூடுதலாக ஏற்றிய வண்டி இறக்கத்தில் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை டன்ஸ்ஃபோல்டில் யாரும் அளந்ததில்லை, இவர்களுக்குப் பாதத்தில் தெரியும்.

சென்ற வருடம் கீழப்பழுவூர் தாண்டி ஒரு டீக்கடையில் லேலண்ட் டிப்பர் ஓட்டும் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தேன். ஐம்பது வயசுக்கு மேல் இருக்கும். இருபத்தெட்டு வருடமாக லேலண்ட் மட்டும்தான் ஓட்டுகிறாராம். லேலண்ட் என்பது இங்கிலாந்தில் ஒரு ஊர் என்றதும் ஆச்சரியப்பட்டார், ஆளின் பேர் என்று நினைத்திருந்தாராம்.

"அந்த ஊர்ல இப்ப லாரி செய்யிறாங்களா?"

"செய்யிறாங்கண்ணே. ஆனா பேரு டாஃப்னு போட்டு விக்கிறாங்க. அமெரிக்காக்காரன் கம்பெனி அது இப்ப. லேலண்டுன்னு எழுதுறது இல்ல."

டீயை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப அந்த ஊருக்குப் போனா நம்ம வண்டிக்கு ஸ்பேர் கெடைக்காதா தம்பி?"

"கெடைக்காதுண்ணே."

தலையை ஆட்டிவிட்டுக் காசைக் கொடுத்தார். எடைமேடையில் அன்றைக்கு வரிசை நீளமாம், இன்னும் இரண்டு நடை பாக்கி என்றார்.